காது அறுத்த காசு

ஹாம்பர்க்கை ஒட்டிய ஆல்டோனா துறைமுகத்தின் பின்தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருந்த கேஷே லூர்ஸ், ஆயுசில் பாதியை ஊராருடைய படுக்கை விரிப்புகளில் சுருக்கம் எடுத்தே கழித்தவள். தன் புருஷன் மண்டைக்குள் விழுந்த சுருக்கத்தை மட்டும் அவளால் எடுக்கவே முடியவில்லை.

பழைய தங்கக் காசு மோகம்தான் அந்தச் சுருக்கம்.

புருஷன் ஹின்ரிக் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். வியாழக்கிழமை சாயங்காலமானால் கழுத்தில் டை கட்டிக்கொண்டு மதுக்கடையின் பின்னறைக்கு ஓடுவான். அங்கே காசு சேர்க்கும் கனவான்கள் கூடுவார்கள். ஊரார் பல்லைப் பிடுங்கியே பணக்காரரான டாக்டர் புரூனிங் அவர்களுக்குத் தலைவர். பச்சைத் துணி விரித்த தட்டில் காசை வைத்து, விளிம்பை மட்டும் பிடித்து, எச்சில் தெறித்துவிடுமோ என்று மூச்சடக்கிப் பார்ப்பார்கள். கட்டிய மனைவியின் முகத்தை அப்படி ஒரு நாளாவது பார்த்திருப்பார்களா!

கறையில்லாத தங்கக் காசை அந்தத் தட்டில் வைத்தவனுக்குத்தான் பெரிய மேஜையில் நாற்காலி. வெள்ளிக்காசுக்காரர்களுக்குக் கோட்டு மாட்டும் கம்பத்தடி. வருஷக்கணக்காக அங்கே உட்கார்ந்திருந்த ஹின்ரிக்கின் வழுக்கையில், பெரியவர்களின் ஈரக் கோட்டுகள் சொட்டிக்கொண்டே இருந்தன.

கேஷேயிடம் ஒரு தங்கக் காசு இருந்தது. அரைப் போர்ச்சுகலேசர். போர்ச்சுக்கல் ராஜாவின் பெரிய காசைப் பார்த்து ஆசைப்பட்டு, அந்தக் காலத்து ஹாம்பர்க் வியாபாரிகள் அடித்துக்கொண்டது. கடைவீதியில் செலவழிக்க அல்ல, கல்யாணத்திலும் ஞானஸ்நானத்திலும் கொடுத்து மகிழ. ஒரு பக்கத்தில், தண்ணீர் திராட்சை ரசமானதாக வேதம் சொல்லும் கானாவூர்க் கல்யாணம் களைகட்டும். உச்சியில் ஒட்டவைத்த வளையமாக ஒரு சின்னக் காது. அதில் கறுப்பு ரிப்பன் கோத்து, கேஷேயின் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மணமேடை ஏறினார்கள். வரும் சனிக்கிழமை மகள் வீப்கேயின் முறை.

முன்பொரு தடவை ஹின்ரிக் அதை ஆசையோடு கொண்டுபோய்த் தட்டில் வைத்தான். டாக்டர் காசைத் தொடக்கூட இல்லை. முட்கரண்டியின் நுனியால் தட்டை நகர்த்தினார்.

"காது வச்சதா? இது காசு இல்ல ஹெர் லூர்ஸ், நகை. பொம்பளைங்க சமாச்சாரம்."

மேஜை குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஹின்ரிக்கின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து, சீழ் வைத்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை சாயங்காலம், புது ரிப்பன் கோக்கலாம் என்று கேஷே பெட்டியைத் திறந்தாள். உள்ளே காசில்லை. அறுத்தெடுத்த காது மட்டும், பிறந்த குழந்தையின் மோதிரம்போல, பஞ்சில் கிடந்தது. கெட்டிக்காரன்! காது தங்கமாயிற்றே, அதைத் தொலைக்கவில்லை!

கேஷே கடை ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் மதுக்கடைக்கு நடந்தாள். பின்னறைக் கதவருகே போனபோது உள்ளே டாக்டரின் குரல் கேட்டது.

"விளிம்புல அரம் ஓடியிருக்கே. இந்த இடத்தப் பாருங்க, பளபளன்னு இருக்கு. காது வடு! வடு ஒரு குத்தம், அத மறைச்சது ரெண்டாவது குத்தம். எங்கள முட்டாள்னு நெனச்சீங்களா ஹெர் லூர்ஸ்?"

"இல்ல டாக்டர்... பக்கத்து ஊர்ல ஒருத்தன் தெரியாமப் பண்ணித் தர்றேன்னு சொன்னான்..."

"தெரியாம இருக்கறதுக்கு நாங்க என்ன கண்ணு அவிஞ்சவங்களா?"

கேஷே கதவைத் தள்ளினாள். கம்பத்தடியில் நின்றிருந்த ஹின்ரிக், துவைத்துப் பிழிந்த துணியாக வெளுத்துப்போனான்.

"கேஷே, இங்க வேணாம். வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுலயா? வீட்டுல இருந்ததத்தான் அறுத்துட்டியே!"

விடுவிடென்று மேஜைக்குப் போய், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காசின் முகத்திலேயே அழுத்தித் தூக்கினாள்.

"விரலு! விரலு!" கனவான்கள் எல்லாரும் ஒரே குரலில் அலறினார்கள். ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அறுபட்ட காதுக்கு வராத வலி, விரல் ரேகைக்கு வந்துவிட்டது!

"டாக்டர், இதுல என்ன படம் இருக்கு? சொல்லுங்க."

"கானாவூர்க் கல்யாணம்."

"கல்யாணத்துக்குன்னே அடிச்ச காசு. அதக் கல்யாணத்துல கழுத்துல போட்டா உங்களுக்குக் கறையா? அது பெட்டிக்குள்ள ஒரு பொண்ணு மூச்சும் படாம கெடந்தாத்தான் சுத்தமா?"

டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். குரல் திடீரென்று வெண்ணெயாகிவிட்டது.

"கோவப்படாதீங்க ஃப்ராவ் லூர்ஸ். காசு கெட்டுத்தான் போச்சு, மதிப்பும் இல்ல. ஆனா படம் நல்லா இருக்கு. உங்களுக்கு எதுக்கு வீண் தொல்லை? நானே எடுத்துக்கறேன், பாவம் பாத்து."

"ஓகோ! கெட்டுப்போனத எடுத்துக்கத்தான் கை இப்படிப் பறக்குதா?"

கம்பத்தடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேஷே ஏப்ரன் பையிலிருந்து அந்தச் சின்னக் காதை எடுத்து, பச்சைத் துணித் தட்டின் நடுவில் வைத்தாள்.

"இது உங்க சங்கத்துக்கு. இங்க ஒருத்தருக்கும் காது கெடையாது. வாரத்துக்கு ஒருத்தரா மாத்தி மாத்தி மாட்டிக்கங்க. வீட்டுல பொண்டாட்டி பேசறது கொஞ்சம் கேக்கும்."

வெளியே வந்த பிறகுதான் அவளுக்குக் கண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. பின்னால் ஓடிவந்த ஹின்ரிக், நடுத்தெருவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். "அவங்களோட ஒரு தடவ சரிசமமா உக்காந்துடணும்னுதான் கேஷே... ஒரே ஒரு தடவ..."

"என் அம்மா கழுத்துல கெடந்தது அது. அத அறுத்துக் குடுத்து நாற்காலி வாங்கப் போனியே! குடுத்தாங்களா?"



மறுநாள் காலை, தட்டார் வேலை பார்க்கும் ஃப்ராவ் டீட்ஜென், காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அரம் போட்டவன் விளிம்ப ரொம்பத் தேச்சுட்டான், கேஷே. இனிமே இதுல காது ஒட்ட வச்சா நிக்காது. நாளைக்குப் பொண்ணு கழுத்துல தொங்கணும்னா ஓட்டைதான் போடணும்."

"ஐயோ, ஓட்டையா?" ஹின்ரிக் பதறினான். "காசே செத்துப்போயிடும்!"

"நேத்தே செத்துப்போச்சுன்னு உங்க டாக்டர் சொல்லிட்டாரே. பொணத்துக்கு வலிக்காது. நீ பிடி," என்றாள் கேஷே.

பிடித்துக்கொண்டான். துளைக் கருவி தங்கத்தைச் சுருள் சுருளாகத் துப்பிக்கொண்டு, கானாவூரின் வானத்தைத் துளைத்து இறங்கியது. ஹின்ரிக்கின் கண்ணீர் காசின் முகத்தில் நேராகவே சொட்டியது. அதைத் துடைக்கப் பச்சைத் துணி தேடாமல், தன் கட்டைவிரலாலேயே அழுத்தித் துடைத்தான்.

சனிக்கிழமை மாதாகோவில் வாசலில், மகளின் கழுத்துக்குப் பின்னால் ரிப்பனை முடிந்தவனும் அவன்தான். முடிச்சு மூன்று தரம் நழுவியது.

"ஓட்டை ரொம்பத் தெரியுதும்மா," என்றான் குரல் உடைய. "எல்லாரும் பாப்பாங்களே."

வீப்கே காசைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஓட்டை இல்லாம எப்படிப்பா தொங்கும்?"