பஸ்ஸை முந்தப் போன அப்பா

சென்ற செவ்வாய்க்கிழமை நான் அப்பாவானேன்!

மனைவி பிள்ளைப்பேற்றுக்காக நெடுந்தீவில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானம் தந்தி வந்தது — பெண் பிள்ளை, இருவரும் சுகம். சரவணையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பறந்தேன். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் பின்னேரம் ஒரேயொரு படகுதான். அதை விட்டால் மகளின் முகம் அடுத்த நாள்தான்.

ஒரு சிக்கல். பெற்றோல் கிடைக்காத இந்த நாட்களில் உங்களுடையதைப் போல என்னுடைய சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. ஸ்ரார்ட் பண்ண மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல் வேண்டும். என்னிடமிருந்த நாலு சொட்டும் வீட்டுப் படலையடியிலேயே முடிந்துவிட்டது. நடுவழியில் நிறுத்தினால்... அவ்வளவுதான்.

வேலணையில், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளோடு எனக்கு முன்னால் குறிகட்டுவான் பஸ் நின்றது. பஸ் நின்று பிள்ளைகள் இறங்கினால் பின்னால் வருபவனும் நிற்கவேண்டும். எனக்குத் தெரியாதா? இந்தப் பத்திரிகையில், இதே பத்தியில் இரண்டு தரம் உபதேசம் எழுதியவன் நான்! ஆனால் எழுதுகிறவன் வேறு, அப்பா வேறு இல்லையா? ஹோர்ன் அடித்துக்கொண்டு வலப்பக்கத்தால் முந்தினேன்.

பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒரு சின்னப் பெண் துள்ளிக்கொண்டு றோட்டுக்கு வந்தாள்.

பிறேக்! ஒரு முழம் தள்ளி நின்றேன். என்ஜின் அணைந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்த ரீச்சர் குடையோடு வந்தார்.

"பஸ் நிண்டால் நிக்கத் தெரியாதோ உமக்கு?"

"நிப்பாட்டினால் பிறகு ஸ்ரார்ட் பண்ண ஏலாது, ரீச்சர்..."

"பிள்ளையை அடிச்சுப் போட்டால் பிறகு ஸ்ரார்ட் பண்ண ஏலுமோ?"

"எனக்குப் பிள்ளை பிறந்திருக்கு, ரீச்சர்... பொம்பிளைப் பிள்ளை... இன்னும் முகம் பாக்கேல்லை... நெடுந்தீவுப் படகு போயிடும்" என்று உளறினேன்.

பஸ் முழுக்க ஒரே கூச்சல்! ரீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தண்டனை தண்டனைதான். "குறிகட்டுவான் மட்டுக்கும் பஸ்ஸுக்குப் பின்னாலைதான் போறீர்."

போனேன். தரிப்புக்குத் தரிப்பு பஸ் நிற்கும், நானும் நிற்பேன், என்ஜின் இருமிவிட்டு அணையும். "மாமா, தள்ளுறம்!" என்று இறங்கிய பிள்ளைகளே தள்ளுவார்கள். பஸ்ஸின் பின்கண்ணாடியில் பத்து முகங்கள் — "மாமா, நில்லுங்கோ! மாமா, வாங்கோ!" புகைக்குள் நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் மணிக்கூட்டையும் பார்த்துக்கொண்டே வந்தேன். படகு போயிருக்கும்...

இறங்குதுறையில் படகு ஆறுதலாக நின்றது!

"அண்ணை, எனக்காகவோ நிண்டனீங்கள்?" என்று படகோட்டியைக் கேட்டேன்.

"உமக்காகவோ? பஸ் வராமல் நாங்கள் எந்தக் காலத்திலை வெளிக்கிட்டனாங்கள்?"

ஐயோ! எத்தனை வருடமாக இந்தப் படகில் போய்வருகிறேன். பஸ் வந்தால்தான் படகு என்பது எனக்குத் தெரியாதா? அந்தப் பஸ்ஸையே முந்திக்கொண்டு நான் எந்தப் படகைப் பிடிக்கப் போனேன்?

பொழுதுபடமுன் மகளைக் கையில் வாங்கினேன். கண்ணைத் திறந்து பார்த்து, கொட்டாவி விட்டாள். அந்த ஒரு முழம் நினைவுக்கு வந்தது. அழுதுவிட்டேன்.

இன்னும் ஐந்து வருடத்தில் இவளும் புத்தகப் பையோடு பஸ்ஸால் இறங்கித் துள்ளிக்கொண்டு வருவாள்.

வாகனக்காரரே, பிறேக்கை இப்போதே பார்த்து வையுங்கள் — புது அப்பாமார் முதலில்!