எலியிடம் கேட்ட கேள்வி

சிவகாசி போகும் சாலையில் ஒரு மருந்தியல் கல்லூரியில் மூன்று வருடம் எலிகளோடு வேலை பார்த்தேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து உடம்புக்குள் போனால் எலிக்கு அது தெரியுமா என்பதுதான் என் ஆய்வு. கூண்டில் அழுத்துவதற்கு இரண்டு கட்டைகள். மருந்து ஊசி போட்ட நாளில் இடப்பக்கம் அழுத்தினால் தீனி விழும். வெறும் உப்புநீர் போட்ட நாளில் வலப்பக்கம். எந்த ஊசி என்பதை எலி தனக்குள் நடக்கும் மாற்றத்தை வைத்தே கண்டுகொள்ள வேண்டும். இந்த மருந்துகள் காட்டும் அடையாளம் மிக மெலிது என்பதால் பழக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். நாரணாபுரம் பக்கத்து ஆலைகளில் பட்டாசு வெடித்துப் பார்த்தால், சத்தத்தில் எலிகள் மிரண்டு அன்றைய சோதனை பாழ்.

அப்போது விருதுநகர் வீட்டில் நானும் என்னைப் பெற்ற அத்தாவும் மட்டும்தான். அம்மா மவுத்தான பிறகு, வத்தல் வியாபாரத்திலேயே ஊறிய மனிதர், கடைக்குப் போவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். மதுரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் எழுதிக் கொடுத்தது, நான் எலிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே மருந்து. இரண்டு மாதத்தில் அத்தா எழுந்தார், குளித்தார், கடைக்குப் போனார். எனக்கு நிம்மதி. காலையில் மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வைத்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடுவேன்.

ஓர் எலி முதன்முதலாகப் பத்து நாள் தொடர்ந்து சரியான கட்டையை அழுத்தியது. அதைப் போனில் படம் பிடித்து அத்தாவிடம் காட்டி, ஆய்வையும் விளக்கினேன். எலி நடுவில் கொஞ்சம் தயங்கி நின்று, பிறகு இடப்பக்கம் போகிறது. அத்தா இரண்டு தடவை பார்த்தார். அதுக்குத் தெரியுது என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் கடையிலிருந்து போன் வந்தது. அத்தா தலைசுற்றி மூட்டையில் சாய்ந்துவிட்டாராம். போய்ப் பார்த்தேன். மண்டைக்குள் கரண்ட் பாய்வதுபோலச் சுர்ரென்கிறது என்றார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வருவது அது. வீட்டுக்குக் கூட்டிவந்து, எதற்காக நிறுத்தினீர்கள் என்று கோபமாகக் கேட்டேன்.

"உங்கம்மாவுக்கு வருசப் பாத்தியா ஓதுனோம்ல, அன்னிக்கு எல்லாரும் அழுதாக. எனக்கு ஒரு சொட்டு வரல. நெஞ்சுல பஞ்ச அடைச்ச மாதிரி இருந்துச்சு. மாத்திரைதான் பண்ணுதுன்னு தெரிஞ்சுச்சு" என்றார். என் போனைக் காட்டி, "எலிக்கிட்ட அம்புட்டுக் கேக்குற. எங்கிட்ட ஒருநா கேட்டியாம்மா?" என்றார்.

கேட்கவில்லை. மாத்திரை போட்டாச்சா என்பதற்கு மேல் நான் எதுவும் கேட்டதில்லை. அவர் எழுந்து நடமாடியதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் அத்தாவையே பேசவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டு, மாத்திரையை விடாமல் அளவை மட்டும் குறைத்தார். அதன்பிறகு ராத்திரிச் சாப்பாட்டின்போது, இன்றைக்கு உள்ளுக்குள் எப்படி இருந்தது என்று கேட்பேன். சில நாள் நிறையச் சொல்வார். சில நாள் எரிச்சல்படுவார்.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து அம்மாவின் கபருக்குப் போய்விட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. வழி நெடுக அழுதுகொண்டே வந்ததாகச் சொன்னார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டார்.