அட்டை மாட்டிக்கொண்டு செடி பார்த்தவர்

வேலை போனதை மனைவியிடம் சொல்லத் துணிச்சல் இல்லாத ஆம்பிளைக்கு, மலேசியாவின் கிள்ளானில் உள்ள அந்த நர்சரியை விட நல்ல ஆபீஸ் கிடையாது. நிழல் உண்டு, ஈரமண் வாசனை உண்டு, விலை மட்டும் கேட்டுக்கொண்டே ஒரு காலைப்பொழுதை இன்பமாக ஓட்டலாம். தெரிந்த முகம் தென்பட்டால் அலங்காரப் பனைத் தொட்டிக்குப் பின்னால் பதுங்கிவிடுவேன். தொப்பை இரண்டு பக்கமும் தெரியும் என்பது வேறு விஷயம்.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை. ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கி, அடியில் வேர் எட்டிப் பார்க்கிறதா என்று பார்ப்பார். ஆனால் எதையும் வாங்கமாட்டார்.

"லீவா, அண்ணே?" என்றேன்.

"உங்களுக்கு என்ன லீவோ, அதேதான் லா," என்றார்.

அதன் பிறகு சேர்ந்தே விலை கேட்டோம்.

ஒரு நாள் அட்டை இல்லாமல் வந்து, ஒரு மல்லிகைச் செடியை வாங்கினார்.

"வீட்டுல சொல்லிட்டேன், பாஸ். அவளுக்கு முன்னாடியே தெரியுமாம். கால்ல போடுற சப்பாத்துல செம்மண்ணைப் பார்த்திருக்கா. நானா சொல்றேனான்னு பார்த்துக்கிட்டு, தினமும் சோறு கட்டிக் கொடுத்திருக்கா. திட்டியிருந்தா தேவலை."

அவர் சிரிக்கவில்லை. மறுபடி வரவும் இல்லை.

எப்படித்தான் வாயைத் திறந்தாரோ, முதல் வார்த்தையாக என்ன சொன்னாரோ, கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். என் மனைவிக்கும் தெரியுமா என்று அவளையே கேட்கலாம். ஆனால் கேட்டாலே சொன்னதாகிவிடுமே.