சிலோன்காரம்மா யாருமில்லை

கே.கே. நகருக்குக் குடிவந்த மறுநாள், தெருமுனைக் கடையில் சவர்க்காரம் கேட்டேன். கடைக்காரர் சர்க்கரையைப் பொட்டலம் கட்டி நீட்டினார். "இது இல்லை அண்ணை, குளிக்கிற சவர்க்காரம்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சோப்பா? அத்தச் சொல்லக் கூடாதா? கேரளாவாம்மா நீ?" எனக்குப் பின்னால் நாலு பேர் காத்து நின்றார்கள். விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஓமென்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசும் ஊருக்கு வந்து ஒரே நாளில் மலையாளியானது இப்படித்தான். அதன்பின் தெருவில் யார் கேட்டபோதும் நான் மறுக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் ஊரைச் சொல்லி, யுத்தத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் களைப்பதைவிட அது சுகமாக இருந்தது.

என் கணவர் முருகேசன் திருநெல்வேலிக்காரர். தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலை. கடை அலுவலாகக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்துபோன நாட்களில் பழக்கமாகி, எங்கள் ஊர்க் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டோம். இதே வழியில் இங்கே வர நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், தாலி ஏறியதும் எல்லாம் முடிந்துவிடாது. மனைவி என்ற வகையில் விசா எடுத்து வர வேண்டும். வந்து இறங்கிய இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டினரைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். திருமணச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், வெள்ளைப் பின்னணியில் எடுத்த படம், அதோடு 'இவளுக்கு நானே பொறுப்பு' என்று கணவர் கையெழுத்திட்ட கடிதம். ஊரில் ஆறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள் நான். அந்தக் கடிதத்தை வாசித்தபோது யாரோ ஒரு சின்னப் பிள்ளையைப் பற்றி எழுதியதுபோல இருந்தது. எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, விலாசத்தைச் சரிபார்க்கப் போலீஸ் வருமென்று காத்திருந்தோம்.

மின்னஞ்சல்தான் வந்தது. குறிப்பிட்ட விலாசத்தில் அப்படி எவரும் வசிக்கவில்லை என்று விசாரணையில் தெரியவந்திருக்கிறது, ஏழு நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். நான் அதே விலாசத்தின் குசினியில், வயிற்றில் நாலு மாதப் பிள்ளையோடு நின்று அதை வாசித்தேன். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. அணைக்காமல், மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். எனக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு மத்தியானம், ஷெல் விழத் தொடங்கியதும் அம்மா சோற்றுப் பானையை அப்படியே விட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அன்றைக்கு எங்களைத் துரத்தியதன் சத்தமாவது காதில் கேட்டது. இது சத்தமில்லாமல் தொலைபேசிக்குள் வந்து சேர்ந்திருந்தது.

முருகேசன் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். "நாங்க வந்தப்ப மாடி பூட்டியிருந்துச்சு சார். கீழ் வீட்டு அம்மாதான் அப்படி யாருமே இல்லைன்னாங்க" என்றார்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாளாக இருக்க வேண்டும்.

கீழ் வீட்டில் இருப்பவர் நூர்ஜஹான் அக்கா. உருது பேசும் குடும்பம். பாண்டி பஜார் கடைகளுக்கு ரவிக்கையில் ஆரி வேலை செய்து கொடுப்பவர். நான் வாந்தியெடுத்துக் கிடந்த நாட்களில் கஞ்சி கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தவர். அவரா? படிகளில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை.

"அக்கா, என்னை ஏன் இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "பின்ன இன்னா சொல்லுவாங்க? போலீஸு வந்து 'சிலோன்காரம்மா கீறாங்களா'ன்னு கேட்டா, கீறாங்கன்னு காட்டிக் குடுப்பனா? முன்ன இந்தத் தெருவுல ஒரு சிலோன்காரர விசாரிக்கணும்னு இட்டுனு போனாங்க. ரெண்டு நாளு வூட்டுக்கே வர்ல. மாசமா கீற பொண்ணு நீ, பயந்துக்குவேன்னு உன்னாண்டயும் சொல்லல."

"நான் சிலோனெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மாடில நின்னுக்கினு உங்கம்மாவாண்ட போன்ல பேசுறியே, கீழ கேக்காதா? நீயா சொல்ற வரிக்கும் கேக்க வாணாம்னு இருந்தேன்."

நான் யாரென்று தெரிந்தே அவர் கஞ்சி கொண்டுவந்திருக்கிறார். என்னைக் காப்பாற்றத்தான் இல்லையென்றும் சொல்லியிருக்கிறார். கோபத்தோடு இறங்கிப் போனவள் அவர் மடியில் முகம் புதைத்து அழுதேன். நான் யாரென்றும், விலாசம் பார்க்கப் போலீஸ் வருமென்றும் முதலே சொல்லியிருந்தால் அவருக்கு இந்தப் பொய் தேவைப்பட்டிருக்காது.

மறுநாள் காலை மூவருமாகக் காவல் நிலையம் போனோம். நடுத்தர வயது அதிகாரி ஒருவர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். "அன்னிக்கு இல்லைன்னீங்க, இன்னிக்கு இருக்காங்கன்றீங்க?"

"நீங்க கேட்டது சிலோன்காரம்மாவ சார். எங்க வூட்டு மேல கீறது வாசுகி."

அதிகாரி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "இந்தம்மா தினமும் பேசுவாங்களா?"

பயத்தில் வாய் முந்திக்கொண்டது. "ஐயோ, ஒரு நாளும் பேசினதில்லை சேர். நல்ல மனுசி."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அக்கா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். அதிகாரி கேட்டார்: "ஒரே வீட்டுல இருக்கீங்க, பேசினதே இல்லையா? அப்புறம் இவங்க எப்படிம்மா சாட்சி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "எங்கட ஊரில பேசுறதெண்டால் ஏசுறது சேர்... திட்டுறது."

"அப்ப நாங்க பேசுறத என்னன்னு சொல்வீங்க?"

"கதைக்கிறது."

"கதையா? இங்க கதை சொல்றவங்கள நெறயப் பாத்துட்டேம்மா" என்றார். ஆனால் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. அக்காவிடம் புதிதாக ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கினார். மாலையில் தானே வீட்டுக்கு வந்து மாடிவரை ஏறிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்று வாரத்தில் வதிவிட அனுமதி வந்தது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் யாழ்ப்பாணம் என்றுதான் சொல்கிறேன். கேள்விகள் வருகின்றன. பதில் சொல்கிறேன்.

மகள் இங்கே பிறந்தாள், இந்தியக் குடிமகள். போன வருடம் முதல் முறையாக அவளை ஊருக்குக் கூட்டிப்போனோம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நான் உள்நாட்டவர் வரிசையில் போய்ச் சீக்கிரம் முடித்துவிட்டேன். அவளும் அப்பாவும் வெளிநாட்டவர் வரிசையில் நின்றார்கள். திரும்பி மீனம்பாக்கத்தில் இறங்கியபோது வரிசைகள் மாறிக்கொண்டன. அவர்கள் இருவரும் கடந்துபோய்விட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பாவின் தோளில் இருந்தபடி மகள் கையாட்டிக் கத்தினாள்: "அம்மா, கெதியா வா! வூட்டுக்குப் போலாம்!"

எனக்கு முன்னால் இன்னும் ஒன்பது பேர் நின்றார்கள்.