தேங்காய்ச் சிரட்டையில் வைத்த தீனி

எங்கள் பூனைக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்த வாரத்தில், என் கணவரின் தம்பி என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் ஆறு வருடம் ஆகியிருந்தது. இத்தனைக்கும் ஒரே வீடு. நான் அதிராம்பட்டினத்துக் கடற்கரைக்காரி. அப்பாவுக்குப் படகு, அம்மாவுக்கு மீன் வியாபாரம். பூதலூரில் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பிள்ளை என்னைக் காதலித்துக் கட்டிக்கொண்டதைத் தம்பியால் சீரணிக்கவே முடியவில்லை. என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கூடத்துத் தூணைப் பார்த்துச் சொல்வார். நானும் லேசுப்பட்டவள் இல்லை, பதிலைப் பூனையிடம் சொல்வேன். கணவர் சிங்கப்பூரில் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

பூனைக்குக் குட்டிகள் வயிற்றிலேயே செத்துவிட்டன. கூடையில் வைத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனேன். டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துத் தையல் போட்டு, அதை நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் புனல் ஒன்றை மாட்டி அனுப்பினார். "பத்து நாள் வெளிய விடாதீங்கம்மா. எப்படியாவது சாப்பிட வைங்க, சாப்பிடலன்னா தேறாது" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே தூணுக்குச் செய்தி போனது.

"பூனைக்கு ஆபரேஷனாம். ஊர்ல சிரிக்கிறானுங்க."

"சிலருக்கு மூளையில பண்ணணும். அதுக்கு டாக்டர் கிடைக்கல" என்று பூனையிடம் சொன்னேன்.

இரண்டு நாள் அது எதையும் தொடவில்லை. பால், முட்டை, முள் எடுத்த மீன், எல்லாவற்றுக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாத்திரை கொடுக்கப் போனால் கையைப் பிறாண்டியது. இது போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கென்று யாரும் இல்லை என்ற பயத்தில் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

பூனை படுத்ததும் விதைநெல் அறையில் எலி ஆட்டம் ஆரம்பமானது. மூன்றாம் நாள் காலை தம்பி அரிசி நொய்யை எண்ணெயில் வறுத்தார். என் அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டை என்னைக் கேட்காமலே எடுத்து, பொடித்துப் போட்டுக் கலந்தார். என் கருவாடு! வீட்டில் அதைச் சுட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிற மனுஷன்! சிரட்டைகளில் போட்டு மூலைக்கு மூலை வைத்துவிட்டு, மிச்சத்தைச் சட்டியோடு அறை வாசலில் விட்டுப் போனார். பொறிக்குப் பழக்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாசனைக்குப் பூனை தலையைத் தூக்கியது. ஒரு பிடி அள்ளி வந்து, புனலுக்குள் விரலை விட்டு ஊட்டினேன். நக்கி நக்கித் தின்றது! மறுநாளும் அப்படியே.

அதற்கடுத்த நாள் புதிதாகக் கலந்து வைத்துவிட்டுத் தூணிடம் சொன்னார். "அதுல யாரும் கை வைக்கக் கூடாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எடுப்பதைக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது. மீன்காரி கை பட்டால் எலித் தீனிக்குக்கூடத் தீட்டா? அவர் மாட்டுக்கொட்டகைப் பக்கம் நகர்ந்ததும் வேண்டுமென்றே இரண்டு பிடியாக அள்ளினேன்.

விரலில் எடுத்துப் பூனையின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அதுவும் நாக்கை நீட்டிவிட்டது.

"அண்ணி! கீழ போடுங்க! எலி மருந்து!"

ஓடிவந்து என் கையை ஓங்கித் தட்டிவிட்டார். தீனி சிதறியது. பூனையை ஒரு கையால் தூக்கிக் கட்டில்மேல் போட்டார். என்னை அடிபைப்புக்கு இழுத்துக்கொண்டு போய், என் கையைப் பிடித்து, நகக்கண்வரை சோப்புப் போட்டுத் தேய்த்தார்.

"மொத ரெண்டு நாள் வெறும் தீனிதான் வைப்போம், எலிக்குப் பழகணும்ல. மூணாம் நாள்தான் மருந்து கலக்குறது. வயக்காட்டு வீட்ல பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே அண்ணி."

"எனக்குத் தெரியாது. நான் மீன்காரி."

"அதான் கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேனே."

"யாருகிட்ட சொன்னீங்க?"

அவர் கூடத்துத் தூண் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் இன்னொரு முறை கேட்டேன். என் கையை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.