ஏனாமுக்கு யார் போவது?

எனக்கு மூக்கு கொஞ்சம் நீளம். பக்கத்து வீட்டில் இன்றைக்கு ஏன் மிக்ஸி இரண்டு தடவை ஓடியது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இப்படிப்பட்டவளுக்குத் துப்பறியும் தொடர் பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம்.

தினமும் சாயங்காலம் டிவியில் ஒன்று போடுவார்கள். ஏதோ குளிர் ஊர்க் கதை, தமிழில் குரல் கொடுத்தது. இரண்டு போலீஸ்காரர்கள். மூத்தவர் சிடுமூஞ்சி, இளையவன் வாயாடி. ஒருவரையொருவர் ‘பார்ட்னர்’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கொலைகாரன் யார் என்பது எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிடும். என்னை நகரவிடாமல் உட்கார வைத்தது இந்த இரண்டு பேரின் சிநேகிதம்தான். ஒருவர் ஒரு கதவை உதைத்தால் மற்றவர் ஏன், எதற்கு என்று கேட்காமல் பின்னாலேயே நுழைவார். அதெப்படி முடிகிறது? கல்யாணம் கட்டிய புருஷனிடமே நான் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தானே நகருவேன்.

இதையெல்லாம் பேச எனக்கு ஒருத்தி இருந்தாள். காரைக்காலில் நான் குமாஸ்தாவாக இருக்கும் அரசு அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரி. கோட்டுச்சேரிமேட்டு மீனவர் வீட்டுப் பெண். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். காலை டீ வரும்போது முந்தைய நாள் தொடரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்போம். நாளடைவில் நாங்களும் பார்ட்னர்கள் ஆகிவிட்டோம். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டுமே.

ஒரு நாள் தொடரில் இளையவன் செய்த தப்பை மூத்தவர் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் நான் குதித்தேன்.

“மனுஷன்னா அவருதாண்டி!”

“சொல்லாம செஞ்சது சரியா?” என்றாள் அவள்.

“சொன்னா அவன் வுடுவானா? நீ ஒருத்தி.”

அவள் டீயை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

அந்த மாதம்தான் எங்கள் பிரிவிலிருந்து ஒருவர் ஏனாமுக்குப் போக வேண்டும் என்று பேச்சு வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. நாங்கள் புதுச்சேரி அரசாங்கம். அதன் துண்டுகள் ஒன்று இங்கே, ஒன்று கேரளாப் பக்கம் மாஹே, இன்னொன்று ஆந்திராவுக்குள் ஏனாம். எந்தத் துண்டுக்கு வேண்டுமானாலும் நம்மைத் தூக்கிப் போடலாம். பார்ட்னர் ஏற்கனவே மாஹேக்குப் போய் வந்தவள். ஓயாத மழை, கூட உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள் இல்லை என்று பாதி உடம்பாகத் திரும்பினாள். ஆக, இந்த முறை என்னுடையது.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில். விழிதியூர் வீட்டில் நானும் மாமனாரும்தான். பக்கவாதத்தில் அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. நான் ஊட்டினால்தான் சாப்பிடுவார். பெற்ற மகள் வந்து ஊட்டினால்கூட வாயை இறுக்கி மூடிக்கொள்வார். நான் போனால் இவர் கதி?

நான் இந்தக் கவலையில் கிடக்க, பார்ட்னர் வேறு மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்தாள். தொடர் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். கேட்டால் “தூங்கிட்டேன்” என்பாள். சனிக்கிழமை ஆனால் திருநள்ளாறு. எனக்குச் சுருக்கென்றது. சாமியாவது பூதமாவது என்று சுற்றுகிற இவளுக்குச் சனீஸ்வரனிடம் என்ன வேலை? ஏழரைச் சனி பிடித்திருக்கிறது, பெரிய கஷ்டம் எதையோ மறைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். நோயோ என்று நினைத்தபோது தூக்கம் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ஸ்கூட்டியில் அவள் பஸ்ஸின் பின்னாலேயே போனேன். சிரிக்காதீர்கள், தொடரில் அவர்கள் செய்தால் மட்டும் வாயைப் பிளந்து பார்க்கிறோம். அவள் குளத்துக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. நல்லெண்ணெயும் எள்ளுப் பொட்டலமும் விற்கிற ஒரு கடைக்குள் நுழைந்து, சொந்த வீடு மாதிரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தது. இவள் அவர்களிடம் தெலுங்கில் திக்கித் திணறி ஏதோ பேச, அவர்கள் சிரித்தார்கள்.

கடைக்கார அக்கா திருத்தினாள். “‘வீடு வாடகைக்கு வேணுங்க’ன்னு கேக்கணும்னா, ‘இல்லு அத்தெகி காவாலண்டி’ன்னு சொல்லும்மா. கடைசியில ‘அண்டி’ வுட்டுடாத. அதுதான் மரியாத.”

வீடு வாடகைக்கு! எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேராக உள்ளே போனேன்.

“யாரக் கேட்டுடி ஏனாமுக்குப் போறேன்னு சொன்ன?”

திடுக்கிட்டு எழுந்தாள். அப்புறம் சிரிக்கப் பார்த்தாள். “சொன்னா நீ வுடுவியா? நீதான சொன்ன.”

“அது டிவியிலடி! இது என் பார்ட்னரு!” கடைக்குள்ளேயே நின்று கத்தினேன். ஆந்திராக் குடும்பம் எண்ணெய்ப் பாட்டிலோடு வேடிக்கை பார்த்தது. பார்க்காமல் விட்ட தொடரையும் ஏனாமுக்குப் போய்ப் போனில் பார்ப்பதற்காகவே சேர்த்து வைத்திருக்கிறாளாம். தினம் பார்த்துவிட்டு என்னிடம் போனில் பேசலாமாம். இதைக் கேட்டதும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். என்னைப் பார்த்து, “ஏம்மா, இவங்களுக்கு ஏனாம்ல சொந்தக்காரங்க இருக்காங்களாமே, அதனாலதான் போறேன்றாங்க. அப்படியா?” என்றார்.

பச்சைப் பொய். மேசைக்குக் கீழே அவள் என் காலை அழுத்தி மிதித்தாள். தொடராக இருந்தால் நான் ஆமாம் போட்டிருக்க வேண்டும். பார்ட்னர் பொய் சொன்னால் கூடச் சேர்ந்து சொல்வதுதானே அங்கே தர்மம். மாமனார் முகம் கண்ணில் வந்தது. மாஹேயிலிருந்து இறங்கி வந்த இவள் முகமும் வந்தது.

“இல்லைங்க சார்,” என்றேன். “அவளுக்கு அங்க யாருமே கெடையாது. இது என் முறை, நானே போறேன்.”

வெளியே வந்ததும் அவள் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. கடற்கரைக்காரி வாய். கடைசியில், “கெழவரு பட்டினி கெடப்பாருடி, பாவி” என்று சொல்லிவிட்டு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு விழிதியூருக்கே வந்துவிட்டாள். பகலில் நாத்தனார் பார்த்துக்கொள்ளட்டும், காலையும் ராத்திரியும் தான் இருப்பதாகச் சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, சாவியைக் கொடுத்தேன்.

இதை ஏனாமிலிருந்து எழுதுகிறேன். வந்த முதல் வாரம் போனை எடுக்கவே பயம். எடுத்தால், “சாப்புடுறாரு, நீ வேலையப் பாரு” என்று வைத்துவிடுவாள். நேற்று வீடியோவில் பிடித்துவிட்டேன். மாமனார் அவள் கையால் மீன் குழம்புச் சோறு வாங்கிக்கொண்டிருந்தார். ஆவென்று வாயைத் திறந்து!

“எப்படிடி?” என்றேன். எனக்குச் சந்தோஷம், கூடவே கொஞ்சம் பொறாமையும்.

“மொத நாள் வாயத் தொறக்கல. சரிதான்னு நானும் சாப்புடல. மறுநாள் காலையில அவரே தட்ட எடது கையால என் பக்கம் தள்ளி, ‘மொதல்ல நீ தின்னு’ன்னாரு. தின்னேன். அப்பறம் அவரும் தின்னாரு.”

போனை வைத்துவிட்டு, கூடச் சாப்பிட ஆளில்லாத இந்த அறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.