குதிரையின் வாய்க்குள் கை விட்ட நாள்

பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருடமாகச் செவிலியாக வேலை பார்க்கிறேன். எதற்கும் அஞ்சாதவள் என்று வார்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அது உண்மையில்லை. பெரிய மிருகங்கள் என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே நடுக்கம். நான் பிறந்தது கடற்கரை ஊரில். அங்கே படகைத் தெரியும், மீனைத் தெரியும், மாட்டோடு பழக்கமில்லை. கல்யாணமாகி சீவலப்பேரிப் பக்கம் வந்த பிறகும் வரப்பில் எருமை எதிரே வந்தால் சேற்றில் இறங்கி வழிவிடுவேன்.

அப்படிப்பட்டவள் ஒரு குதிரைக்கு மருந்து போடப் போனதற்கு எங்கள் பங்குத் தந்தைதான் காரணம். நான்குவழிச் சாலை ஓரத்தில் யாரோ கைவிட்டுப் போயிருந்த ஒரு பெண் குதிரையை அவர் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, கோயிலுக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்த வேலிக்குள் விட்டிருந்தார். முதுகிலும் மார்பிலும் வண்டி பூட்டும் தோல்வார் அறுத்த புண்கள். ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும்போது, "புண் கழுவி மருந்து போடத் தெரிஞ்சவங்க யாராவது வந்தா நல்லது. சம்பளம் கிடையாது" என்றார். பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கூட்டத்தில் புண் கழுவத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அது பங்குத் தந்தைக்கும் தெரியும், கடவுளுக்கும் தெரியும் என்று தோன்றியது. போகாமல் இருக்க பயமாக இருந்தது. போகவும் பயமாகத்தான் இருந்தது.

வாரம் இரண்டு நாள் போனேன். வயல் வேலை பார்க்கும் பக்கத்துத் தெரு அண்ணாச்சி ஒருவர் காலையும் மாலையும் புல் அறுத்துப் போடுவார். அவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் எட்டி நின்றே புண்ணைக் கழுவுவேன். மூன்று மாதத்தில் புண்கள் காய்ந்து புதுத் தோல் வந்தது. அதன் பிறகு நான் போக வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் போனேன். உடம்பைத் தேய்த்துவிடும்போது அது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பெருமூச்சு விடும். அந்த மூச்சுக்காகத்தான் போனேன் என்று இப்போது சொல்ல முடிகிறது. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை. காலையில் நான் போனபோது குதிரை வேலியோரம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் பச்சை நுரை ஒழுகியது. தொண்டை ஏறி இறங்கியது; வாளித் தண்ணீரில் வாய் வைத்தது, வைத்த தண்ணீர் அப்படியே மூக்கு வழியாக வெளியே வந்தது. ஏதோ முள்ளோ குச்சியோ சிக்கியிருக்கிறது என்று நினைத்தேன். அண்ணாச்சியும் வந்திருக்கவில்லை. யோசிக்காமல் வாயோரத்தில் கை விட்டு, நாக்கை ஒதுக்கித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. கையை வெளியே எடுத்தபோது மணிக்கட்டு வரை நுரை. ஆள்காட்டி விரலில், முந்தின நாள் சாளை மீன் சுத்தம் செய்தபோது பட்ட கத்திக் கீறல் எரிந்தது.

அப்போதுதான் அண்ணாச்சி வந்தார். நுரையைப் பார்த்ததும் புல்லுக்கட்டை அப்படியே கீழே போட்டார்.

"சிஸ்டரம்மா, வெளிய வாங்க."

"என்ன அண்ணாச்சி?"

"பைய வெளிய வாங்க, சொல்லுதேன்." நான் வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ரெண்டு வாரம் இருக்கும். ஒரு நாய் வேலிக்குள்ள புகுந்து பின்னங்கால்ல கடிச்சிட்டு. சின்னக் காயந்தான். மஞ்சள் வச்சு விட்டேன். ஃபாதர் வையுவாரோன்னு சொல்லல."

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாய் கடித்து ஊசி போடாமல் விட்ட ஒருவரை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். தண்ணீர்க் குவளையைக் கண்டதும் அவர் தொண்டை இழுத்துக்கொண்ட விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த நோய் வந்துவிட்டால் மருந்தில்லை என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். அவர் கட்டிலருகே நின்றுதான் அது புரிந்தது.

கோயில் குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வாய் செபம் சொன்னது. பாதி வரியில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நான் என் விரலுக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன், குதிரைக்காக அல்ல. அது எனக்கே தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. ஆனாலும் விரலுக்காகவே வேண்டினேன்.

பங்குத் தந்தை கால்நடை மருத்துவருக்குப் போன் செய்துவிட்டு என்னை வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். என்னோடு வேலை பார்க்கும் பெண்ணே கீறலைச் சுற்றியும் தோளிலும் ஊசி போட்டாள். "நீயா இப்படிச் செஞ்ச?" என்றாள். தலையசைத்தேன்.

வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நான் கோயிலுக்குத் திரும்பினேன். கால்நடை மருத்துவர், நடுவயதுப் பெண், வேலிக்கு வெளியே நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டுல ஒண்ணுதான்" என்றார். "உணவுக்குழல்ல ஏதாவது அடைச்சிருக்கலாம். அதுலயும் இப்படித்தான் ஒழுகும். இல்லன்னா வெறிநோய். பார்த்துச் சொல்ல முடியாது. மயக்க ஊசி போட்டு மூக்கு வழியா குழாய் விட்டுப் பாக்கணும். தலையைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள். பங்குத் தந்தை அங்கியை மடித்துக் கட்டினார். அவரைக் கண்டாலே அந்தக் குதிரை மிரண்டு காதைப் பின்னால் மடக்கும்; அவர் பிடித்தால் நிற்காது.

"நான் பிடிக்கேன்" என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை. எனக்கு ஏற்கெனவே ஊசி போட்டாயிற்று, அவ்வளவுதான்.

கையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். மயக்கத்தில் அதன் தலை தாழ்ந்து என் தோளில் இறங்கியது. ஒரு மூட்டை நெல்லைத் தாங்குவது போல இருந்தது. குழாய் உள்ளே போகப் போக அதன் கண் என்னையே பார்த்தது. அந்தக் கண்ணில் இருந்ததும் பயம்தான். அதைக் கண்டதும் என் வாயில் செபம் முழுதாக வந்தது, இந்த முறை எங்கள் இருவருக்கும்.

மருத்துவர் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றி வெளியே எடுத்தார். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, தண்ணீரோடு நார் நாராக ஏதோ வந்து விழுந்தது. அண்ணாச்சி குனிந்து பார்த்தார்.

"பனங்கிழங்குல்லா இது" என்றார்.

பொங்கலுக்கு வாங்கிய கிழங்கை யாரோ வேலிக்கு மேலே வீசியிருக்கிறார்கள். குழாய் சட்டென்று வயிற்றுக்குள் இறங்கியது. மருத்துவர் முகமூடியை நகர்த்தி மூச்சு விட்டார். ஒரு மணி நேரம் கழித்து, மயக்கம் தெளிந்த குதிரை தண்ணீர் குடித்தது. ஒரு சொட்டும் மூக்கில் வரவில்லை.

"இன்னிக்குப் பிழைச்சுது" என்றார் அவர். "ஆனா நாய் கடிச்சது கடிச்சதுதான். அதுக்கும் தடுப்பூசி போடுறேன். சில மாசம் கழிச்சுக்கூட நோய் வரலாம். கவனமா இருங்க. உங்க ஊசியையும் விட்டுடாதீங்க."

அந்தச் சில மாதங்களை எப்படிக் கழித்தேன் என்று எழுதுவது கடினம். என் ஊசிகள் ஒரு மாதத்தில் முடிந்தன. பயம் முடியவில்லை. தண்ணீர் குடிக்கும்போது தொண்டையைக் கவனிப்பேன். குதிரை ஒரு கவளம் புல்லை மிச்சம் வைத்தால் எனக்கு அன்று சோறு இறங்காது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் கணவர் வாரக் கடைசியில் வரும்போது, "போவாத, அந்தப் பக்கமே போவாத" என்று மன்றாடினார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் புதனும் சனியும் வந்தால் கால் அங்கேதான் போனது. முதலில் வேலிக்கு வெளியே நின்று வாயைப் பார்ப்பேன், கடைவாயில் நுரை இருக்கிறதா என்று. பிறகுதான் உள்ளே போவேன்.

தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை, வெயில் ஏறிய நேரம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். நின்றுகொண்டிருந்த குதிரை முன்கால்களை மடக்கித் தரையில் விழுந்தது. கழுத்தையும் கால்களையும் நீட்டி அசையாமல் கிடந்தது. முடிந்தது என்று நினைத்தேன். "அண்ணாச்சி" என்று கூவினேன்.

வெளியே புல் அறுத்துக்கொண்டிருந்த அவர் வந்து எட்டிப் பார்த்தார். வேலிக்கம்பில் கை வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"சத்தம் போடாதீய சிஸ்டரம்மா. தூங்குது."

"குதிரை நின்னுக்கிட்டுத்தான தூங்கும்?"

"நின்னுதான் தூங்கும். காவலுக்கு ஆள் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் இப்படிப் படுக்கும்னு டாக்டரம்மா சொன்னாவ. வந்த நாள்லேர்ந்து நான் இது படுத்துப் பாக்கல."

அப்போதுதான் அதன் விலா ஏறி இறங்குவது தெரிந்தது. லேசான குறட்டையும் கேட்டது. ஒலிவத் தோட்டத்தில் ஆண்டவர் விழித்திருக்கச் சொல்லியும் சீடர்கள் தூங்கிப்போன வாசகத்தை ஒவ்வொரு வருடமும் தவக்காலம் முடியும்போது கோயிலில் படிப்பார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. மதியப் பணிக்குப் போக வேண்டிய பஸ் சாலையில் ஆரன் அடித்துக்கொண்டு போயிற்று. அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று, அது எழுந்திருக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.